கெம்னிட்ஸில் ரவா இட்லி மிக்ஸ், புரூ, பரோட்டா எல்லாம் எங்கே கிடைக்கும்?

கரிசல்காட்டான் (கெம்னிட்ஸ்)

அனைவருக்கும் வணக்கம். இந்த அக்டோபரில்தான் முதுகலை படிக்க ஜெர்மனியில் இருக்கும் கெம்னிட்ஸ் வந்தேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். சோறு வடிக்க, ரசம் வைக்க, முட்டை பொரிக்கத் தெரியும். ஆனால் ஆய்வகம் முடிந்து அறைக்கு வந்து சேரும்போது அடுப்புப் பக்கம் போகவே தெம்பு இருப்பதில்லை. விடுதியில் மாடிக்கு ஒரு சமையலறை, எட்டுப் பேருக்கு இரண்டு அடுப்பு.

ஊரில் அம்மா இல்லாத நாளில் எதை வைத்து ஒப்பேற்றுவேனோ, அதைத்தான் தேடுகிறேன்: ரவா இட்லி மிக்ஸ், மேகி, புரூ காபி, பாக்கெட் பரோட்டா, வத்தக்குழம்பு பேஸ்ட். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் 'இந்தியன்' என்று எழுதிய அலமாரியில் மஞ்சளாக ஒரு இனிப்புக் குழம்பு பாட்டிலும் அப்பளமும்தான் இருந்தன. இணையக் கடைகளில் குறைந்தபட்சத் தொகைக்கு வாங்கினால்தான் அனுப்புகிறார்கள்.

டிசம்பரில் ஊரிலிருந்து நண்பன் ஒருவன் வருகிறான். அவன் பெட்டியில் எதைக் கொண்டு வரச் சொல்லலாம்? அம்மா நெய் கொடுத்துவிடுகிறேன் என்கிறார்கள்.

தறிச்சத்தம் (லைப்சிக்)

வாங்க தம்பி. நம் ஊர்கள் இருக்கும் இந்த சாக்சனி மாநிலத்தில் இந்தியக் கடையைத் தேடுவதற்கு முன் வியட்நாம் கடைக்குள் போய்ப் பாருங்கள். 1980-களில் கிழக்கு ஜெர்மனி வியட்நாமிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் அழைத்து வந்தது. பெர்லின் சுவர் விழுந்ததும் வேலை போனது. நிறையப் பேர் இங்கேயே தங்கிக் கடை போட்டார்கள். அதனால் இந்தப் பக்கத்து ஊர்களில் 'ஆசியா' என்று பலகை தொங்கும் கடை பெரும்பாலும் அவர்களுடையதுதான். தேங்காய்ப்பால், புளி, உடைத்த பாசிப்பருப்பு, அரிசி மாவு, பச்சை மிளகாய் எல்லாம் உண்டு. அரிசி மாவு வாங்கும்போது மட்டும் உறையைக் கவனியுங்கள். ஒட்டரிசி மாவும் பக்கத்திலேயே அதே அளவில் இருக்கும். அதில் இடியாப்பம் பிழிந்தால் பசைதான் வரும்.

அங்கேயே மெல்லிய அரிசிச் சேமியா பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிநீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு வடித்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்து எலுமிச்சை பிழிந்தால் சேவை தயார். மேகி மாதிரியே சுலபம்.

பரோட்டாவுக்குக் கவலையே வேண்டாம். ஆசியா கடைகளில் உறைபெட்டியைத் திறந்தால் மலேசியாவிலிருந்து வரும் கவான் பரோட்டா கிடைக்கும். உறையில் ரொட்டி பரோட்டா என்றே போட்டிருக்கும். மலேசியாவில் அது தமிழ் முஸ்லிம்கள் கடை போட்டுப் பரப்பிய பண்டம், அதனால் கைப்பக்குவம் நமக்கு அந்நியமில்லை. உருகவிட வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்தபடியே காய்ந்த கல்லில் எண்ணெய் இல்லாமல் போடுங்கள், அதிலேயே கொழுப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் பொன்னிறம் வந்ததும் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டோடு இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்க வேண்டும். உறையில் இதைச் சொல்ல மாட்டார்கள். அடிக்காமல் தின்றால் தட்டையாக ஏதோ ரொட்டி, அடித்தால் பரோட்டா.

லைப்சிக்கில் ஐசன்பான் தெரு முழுக்க அரபு, துருக்கிக் கடைகள். உங்கள் மாணவர் பயண அட்டையில் வட்டார ரயில் சும்மாதான். ஒரு சனிக்கிழமை வந்து போங்கள். ஞாயிறு வராதீர்கள், கடைகள் மூடியிருக்கும்.

பாலக்காட்டுக் கணவாய் (ஸ்டுட்கார்ட்)

கோபப்படாதீர்கள், ஒன்று கேட்கிறேன். ரொட்டிக்குப் பேர்போன நாட்டுக்கு வந்துவிட்டு எதற்கு இந்தப் பாக்கெட் தேடல்? முந்நூறு வகை ரொட்டி இருக்கிறது, தயிருக்குப் பஞ்சமில்லை, முட்டை இருக்கிறது. பாக்கெட் சாப்பாட்டில் பாதி உப்பு. ஊரில் இருந்தபோது நாம் இதையெல்லாம் மதித்தோமா? விருந்தாளிக்கு மிக்ஸில் செய்த இட்லி வைத்தால் அம்மா வெட்கப்படுவார்கள். இங்கே வந்ததும் அதுவே தேவாமிர்தமாகிவிடுகிறது.

மோர்மிளகாய் (மியூனிக்)

கணவாய் அண்ணா, உங்களுக்கு வீட்டில் அண்ணி இருக்கிறார்கள், கிரைண்டர் இருக்கிறது. எட்டுப் பேருக்கு இரண்டு அடுப்பு உள்ள இடத்தில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையன் விருந்து வைக்கக் கேட்கவில்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேட்கிறான்.

தம்பி, பெட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து வருபவர் பால் பொருளும் இறைச்சியும் கொண்டு வரக் கூடாது. நெய் பால் பொருள். பால்கோவாவும் அப்படித்தான். அம்மா எவ்வளவு அன்பாக டப்பாவில் அடைத்துக் கொடுத்தாலும் சுங்கத்தில் பிரித்துப் பார்த்தால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். தபாலில் அனுப்பினாலும் அதே விதி. நெய்க்காக வருத்தப்படவும் வேண்டாம். எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் வெண்ணெய் இருக்கும் இடத்தில் 'பட்டர்ஷ்மால்ஸ்' என்று டப்பாவில் விற்கிறார்கள். உருக்கிய வெண்ணெய்தான், நம் நெய்க்கு மிக நெருக்கம். மணம் போதவில்லை என்றால் அரை கிலோ வெண்ணெய் வாங்கி நீங்களே காய்ச்சலாம்.

பச்சைக் கறிவேப்பிலையும் கொண்டு வராதீர்கள். 2019 டிசம்பரிலிருந்து பச்சைக் காய், கனி, இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே வராது. விலக்கு ஐந்துக்குத்தான்: அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, டூரியன், அப்புறம் தேங்காய். ஆமாம், தேங்காய் கொண்டு வரலாம்! கருவாட்டுக்கும் தடையில்லை. மீன் பொருள் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. ஒரு கரண்டி நெய் கூடாது, 20 கிலோ கருவாடு பரவாயில்லை. எட்டுப் பேர் சமையலறையில் கருவாடு வறுத்துவிட்டு அப்புறம் என்ன நடந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.

பொடிகள் கொண்டு வரலாம். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி, இட்லி மிளகாய்ப்பொடி. வீட்டில் அரைத்ததைப் பெயர் எழுதாத பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டு வராதீர்கள். பெருங்காயமும் பழுப்புத் தூளும் அடையாளம் இல்லாமல் இருந்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். மேலே ஒரு சீட்டு ஒட்டி, என்ன பொடி, என்னென்ன சேர்ந்தது என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்

அக்கா, மிக்க நன்றி. அம்மாவிடம் நெய்யைப் பற்றிச் சொன்னேன். "அந்த நாட்டில் மாடே இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடங்கிவிட்டார்கள். தறிச்சத்தம் அக்கா சொன்ன வியட்நாம் கடை என் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இத்தனை நாள் நகப்பூச்சுக் கடை என்று நினைத்து நடந்துகொண்டிருந்தேன்.

இங்கே எல்லாக் கடையிலும் மேகி என்று மஞ்சள் சிவப்பு எழுத்தில் பழுப்புப் பாட்டில் நிற்கிறதே, அது என்ன? நம்முடைய மேகிதானா?

தறிச்சத்தம்

பேர் ஒன்றுதான், சாமான் வேறு. யூலியுஸ் மேகி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொழிலாளர் வீடுகளுக்குச் சீக்கிரம் சமைக்கிற சூப்பு வேண்டும் என்று தொடங்கியது. அந்தப் பாட்டிலில் இருப்பது கறுப்பாக உப்புக் கரிக்கும் சாறு, சூப்பில் இரண்டு சொட்டு விடுவதற்கு. ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில் ஸிங்கன் என்ற ஊரில் அன்று வைத்த ஆலை இன்றும் ஓடுகிறது. நூடுல்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1983-இல்தான். நம் நாக்குக்குத் தெரிந்த மசாலா இந்தியாவுக்காகச் செய்தது. இங்கே மேகி நூடுல்ஸ் என்று கப்பில் விற்பதில் அந்த மசாலா இருக்காது, தேடாதீர்கள்.

இந்தியக் கடைகளில் நம் ஊர்ப் பாக்கெட் வரும். சில சமயம் மாதக்கணக்கில் வராமலும் போகும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதைப் பெல்ஜியம் கண்டுபிடித்துச் சொன்னது. கிருமி கொல்ல அடிக்கிற வாயு அது. இங்கே உணவில் அதற்கு அனுமதி கிடையாது. அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து வரும் எள், மசாலாப் பொருள்கள் மேல் சோதனை இறுகிவிட்டது. ஒரு சரக்கு துறைமுகத்தில் நின்றால் நம் அலமாரி காலியாகிவிடும்.

என் யோசனை: நூடுல்ஸைச் சுமக்காதீர்கள். மேகி மசாலா மட்டும் தனிச் சிறு பொட்டலமாக ஊரில் விற்கிறது. நண்பனிடம் ஒரு அட்டை நிறைய வாங்கி வரச் சொல்லுங்கள், எடையே இல்லை. வியட்நாம் கடையில் மசாலா இல்லாத வெறும் கோதுமை நூடுல்ஸ் வாங்கி அதில் போட்டால் போதும்.

வடமராட்சியான் (ஹாம்)

தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இலங்கையிலிருந்து வந்தது 80-களில். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் வந்த ஆட்களில் நானும் ஒருவன். அப்போது தமிழ்க் கடை என்ற கதையே இல்லை. முகாமில் தந்ததைச் சாப்பிட்டோம், பிறகு அறை கிடைத்ததும் இருந்த மாவில் புட்டு அவித்தோம். அதைச் சொல்லவே எழுதுகிறேன், ஏனென்றால் இதற்கு எந்தக் கடையும் தேவையில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் 405 என்று இலக்கம் போட்ட கோதுமை மா இருக்கும், அதுதான் இங்கே மலிவு. அதை வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து ஆவியில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் அவிக்க வேண்டும். எடுக்கும்போது மா கட்டிபட்டு இருக்கும். சூடு ஆற முதல் உடைத்து அரிதட்டில் அரித்துவிட வேண்டும். ஆறவிட்டால் பிறகு சுத்தியல்தான் தேவை. அரித்த மாவை நன்றாக ஆறவிட்டுப் பைகளில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் கெடாது. வேலையால் வந்து அதில் இரண்டு கை மா எடுத்து, உப்பும் கொதிநீரும் விட்டு அகப்பைக் காம்பால் கிண்டி, விரலால் உதிர்த்துத் தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) போட்டு அவித்தால் புட்டு. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்தால் இடியப்பம். புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டி இல்லாவிட்டால் காய்கறி அவிக்கிற தட்டில் துணி விரித்துப் போடலாம்.

இப்போது நிலைமை வேறு. டோர்ட்முண்ட், எசன் பக்கம் போனால் எங்கள் கடைகளில் வறுத்த அரிசிமா, யாழ்ப்பாணக் கறித்தூள், மாசி, மஞ்சி பிஸ்கட், முருங்கைக்காய் வரை எடுக்கலாம். இங்கே ஹாம் காமாட்சி அம்மன் கோயிலை 2002-இல் கட்டி முடித்தோம். கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும், கோயிலைச் சுற்றிக் கடைகள் போடுவார்கள். வடை, றோல், சர்பத், பை பையாக மிக்சர். வருகிறவர்கள் காரின் பின்பக்கத்தை நிரப்பிக்கொண்டுதான் திரும்புவார்கள். தம்பி, நீரும் ஒருமுறை வாரும். எங்கள் வீட்டில் தங்கலாம்.

ஓஸ்லோ_காற்று (நார்வே)

ரவா இட்லி மிக்ஸ் பற்றி ஒரு சேதி. ரவா இட்லியைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக, அந்த மிக்ஸ் விற்கும் எம்டிஆர் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காமல் பெங்களூரில் ரவையில் இட்லி ஊற்றினார்களாம். அந்த எம்டிஆர் ஃபுட்ஸை 2007-இல் வாங்கியது நார்வேயின் ஓர்க்லா நிறுவனம். தலைமை அலுவலகம் என் பேருந்து போகிற வழியில் இருக்கிறது. நம் ரவா இட்லிக்கு முதலாளி ஓஸ்லோவில்! ஆனால் என் வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ஓர்க்லாவின் உறைபீட்சா குவிந்து கிடக்கிறது, ரவா இட்லிக்குத் தமிழ்க் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய்

சுவாரசியமான சேதி. ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வடமராட்சி ஐயா சொன்னதுதான் நானும் சொல்வது. இங்கே கிடைப்பதை வைத்துச் செய்யுங்கள், பாக்கெட்டுக்குப் பணம் கொட்டாதீர்கள். அந்த மிக்ஸில் அப்படி என்ன இருக்கிறது?

மோர்மிளகாய்

சரி, அதையே எடுத்துக்கொள்வோம். மிக்ஸில் இருப்பது ரவை, கொழுப்பு, சோடா உப்பு, கொஞ்சம் புளிப்பு, தாளிப்பு. முதல் மூன்றும் எந்த ஜெர்மன் கடையிலும் இருக்கின்றன. ரவைக்கு இங்கே 'கிரீஸ்' என்று பெயர். 'வைக்வைட்சன்கிரீஸ்' நம் வெள்ளை ரவை, உப்புமாவுக்கும் இட்லிக்கும் அதுதான். 'ஹார்ட்வைட்சன்' என்று போட்டிருந்தால் மஞ்சளாக, கொஞ்சம் கடினமாக இருக்கும், தண்ணீர் கூடப் பிடிக்கும். சோடா உப்பு 'நாட்ரோன்' என்று சின்னக் காகிதப் பொட்டலத்தில் பேக்கிங் பவுடர் பக்கத்தில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ ரவையை பட்டர்ஷ்மால்ஸ் இரண்டு மூன்று கரண்டி விட்டுச் சிறு தீயில் வறுத்து, அதிலேயே கடுகு, கடலைப்பருப்பு, முந்திரி, காய்ந்த கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, ஆறியதும் டப்பாவில் போட்டுவிடுங்கள். வேண்டிய நாளில் ஒரு கப் எடுத்து, உப்பும் ஒரு கப் தயிரும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கால் மணி ஊறவிட்டு, ஊற்றப் போகும்போது அரைக் கரண்டிக்கும் குறைவாக நாட்ரோன். உடனே ஊற்றிவிட வேண்டும், பேசிக்கொண்டு நின்றால் நுரை அடங்கிவிடும். இட்லித் தட்டு இல்லையா, காபிக் கோப்பையில் எண்ணெய் தடவி ஊற்றுங்கள். தயிர் 3.5 சதவீதக் கொழுப்பு உள்ளது போதும். கூடுமானவரை முதல் நாளே வாங்கி வெளியே வைத்துவிடுங்கள், இந்த ஊர்த் தயிருக்குப் புளிப்பு போதாது.

இதுவரை கணவாய் அண்ணா பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் வத்தக்குழம்பு பேஸ்ட், புளியோதரைப் பேஸ்ட், மேகி மசாலா இவற்றை இங்கே எந்த அலமாரியிலிருந்தும் கட்டியெழுப்ப முடியாது. அதனால் பெட்டியில் ரவை மிக்ஸ், சேமியா, அவல் என்று எடை தின்னும் சாமானை ஏற்றாதீர்கள். பேஸ்ட்டும் பொடியும் வத்தலும் ஏற்றுங்கள். பேஸ்ட்டைக் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் பிடித்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். இரண்டு பை போட்டுக் கட்டவும். எண்ணெய் கசிந்தால் சட்டையெல்லாம் புளியோதரை.

கொதிநீரில் போட்டுச் சூடாக்கும் ரெடி சாப்பாட்டுப் பைகளையும் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் வந்த நாளுக்கு. குளிர்பெட்டி வேண்டாம், மாதக்கணக்கில் கெடாது. மைசூரில் ராணுவத்துக்காக உள்ள உணவு ஆய்வுக்கூடம் உருவாக்கிய முறை அது. பனிமலையில் நிற்கும் சிப்பாய்க்குச் செய்தது, கெம்னிட்ஸ் ஜனவரிக்கும் பொருந்தும்.

கரிசல்காட்டான்

அக்கா, கோப்பையில் ஊற்றி எடுத்தேன். என் மாடியில் இருக்கும் துருக்கிப் பையன் இரண்டு தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். அந்தக் காபி விஷயம் மட்டும் பாக்கி. இங்கே வாங்கிய இன்ஸ்டன்ட் காபி ஒன்றும் புரூ மாதிரி வரவில்லை, பால் எவ்வளவு ஊற்றினாலும் கசப்புத் தனியாக நிற்கிறது.

தறிச்சத்தம்

சிக்கரி இல்லை, அதுதான். புரூவில் சிக்கரி கலந்திருக்கும், இங்கே வெறும் காபி. சூப்பர் மார்க்கெட்டில் 'காரோ' என்று ஒரு டப்பா இருக்கும். பார்லி, கம்பு, சிக்கரி எல்லாம் வறுத்த தூள், காபியே கிடையாது. குழந்தைகளும் பாட்டிகளும் குடிப்பது. இரண்டு பங்கு இன்ஸ்டன்ட் காபியோடு ஒரு பங்குக்கும் குறைவாக அதைக் கலந்து, 3.8 சதவீதக் கொழுப்புப் பாலைக் கொதிக்கவிட்டு ஊற்றிப் பாருங்கள். நீண்ட நாள் தாங்கும் டப்பாப் பால் வேண்டாம், அதில் ஒரு வெந்த வாடை இருக்கும்.

பாலக்காட்டுக் கணவாய்

காபியில் மட்டும் சமரசம் கிடையாது. கும்பகோணம் ஃபில்டர் ஒன்றும் சிக்கரி கலந்த தூள் ஒரு கிலோவும் கொண்டு வரச் சொல். அதை முதலில் பெட்டியில் வை, மீதி இடத்தில் உன் பேஸ்ட்.

மோர்மிளகாய்

ரொட்டி தின்னச் சொன்னவர் வாயிலிருந்தா இது? முந்நூறு வகை ரொட்டிக்கும் இந்த ஊர்க் காபிதானே பொருத்தம், அண்ணா? :-)

பாலக்காட்டுக் கணவாய்

காபி சாப்பாட்டில் சேராது, தங்கச்சி. அது மருந்து.

கரிசல்காட்டான்

அண்ணா, தூள் ஒரு கிலோ எழுதிவிட்டேன். கடைசியாக ஒன்று: அம்மா சின்ன மிக்ஸி கொடுத்துவிடட்டுமா என்கிறார்கள். இங்கே ஓடுமா?

வடமராட்சியான்

ஓடும் தம்பி. இந்தியாவிலும் இங்கேயும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம்தான், 230 வோல்ட். அமெரிக்கா போகிறவர்களுக்குத்தான் அந்தத் தலையிடி. செருகி மட்டும் பொருந்தாது. மலிவான பயண அடாப்டரைப் பாவிக்க வேண்டாம், மிக்ஸி இழுக்கிற இழுவைக்குச் சூடாகி உருகிவிடும். தெரிந்த ஆளைப் பிடித்து மண்தொடுப்பு (எர்த்) உள்ள ஜெர்மன் செருகியாக மாற்றும். இரவு பத்துக்குப் பிறகு அரைக்க வேண்டாம், கீழ்மாடியில் இருப்பவர்கள் தடியால் கூரையைத் தட்டுவார்கள். மா புளிக்க ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் போட்டுவிடும், காலையில் பொங்கியிருக்கும்.

தறிச்சத்தம்

ஐயா, எட்டுப் பேர் சமையலறையில் இரவெல்லாம் ஓவனுக்குள் மாவை வைத்தால் யாராவது பார்க்காமல் பீட்சாவுக்குச் சூடேற்றிவிடுவார்கள். கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள் தம்பி, ஜெர்மனில்.